சாயம் வெளுக்கும் முன்னே...

பெருநாள் கழிந்த மூன்றாம் நாள். ஆவுடையார்கோவிலை அடுத்த ஒரு சிற்றூரில், ஒரு வீட்டின் கொல்லைப்புறக் கொடியில் வெள்ளை ஜிப்பா ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளை என்று சொல்வதுகூட வழக்கம் கருதித்தான். பெருநாள் தொழுகைக்கு அணிந்து சென்றபோது பால்போல் இருந்த அந்த ஜிப்பா, புதுச் சிவப்புக் கைலியோடு ஒரே வாளியில் ஓர் இரவு ஊறியதால் திட்டுத் திட்டாக ரோஜா நிறம் ஏறி நின்றது. அன்று மாலைக்குள் அதே ஊரில் இன்னும் நான்கு வீடுகளிலிருந்து அதே முறையீடு எழுந்தது.

சாயம் அசுத்தமன்று, அந்த ஜிப்பாவை அணிந்து தொழத் தடையேதும் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கும் புத்தாடை, ஒரே துவைப்பில் கொடியை விட்டு இறங்கி அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விட்டது என்றால், அந்த வீட்டாரின் மனவருத்தத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

அந்த ஐந்து வீட்டாரும் கைலி வாங்கியது ஒரே பெண்மணியிடம். கணவரை இழந்தவர். ஆவுடையார்கோவிலுக்கும் மீமிசலுக்கும் இடையிலுள்ள ஊர்களில் துணி மூட்டையோடு வீடு வீடாகச் சென்று, தவணைக்குக் கைலியும் சுடிதார்த் துணியும் விற்று இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். "உங்களை நம்பித்தானே மாமி வாங்கினோம்!" என்று ஒரு வீட்டு மருமகள் சொன்ன சொல் தம்மை இரண்டு இரவுகள் உறங்கவிடவில்லை என்றார் அவர். மொத்தமாகக் கொடுத்த கடைக்காரரோ, நனைத்த துணியைத் திரும்ப எடுப்பதில்லை என்று கையை விரித்துவிட்டார். மீதித் தவணையை அவர் எவரிடமும் கேட்கவில்லை. இழப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

"சாயம் போகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லையே!" என்றார் அவர். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வாக்கியமே.

நம் கடற்கரையின் புகழ்

தண்ணீரில் நனைந்தாலும் நிறம் மாறாத துணி என்பதுதான் ஒரு காலத்தில் நம் சோழமண்டலக் கரையின் அடையாளமாக இருந்தது. கரையோர மணல்வெளிகளில் வளரும் இம்பூறல் என்னும் சிறு செடியின் வேரே சாயவேர். கடுக்காயில் ஊறவைத்து, படிகாரம் ஏற்றிய பருத்தித் துணியை இந்த வேரோடு கொதிக்கவிட்டால், வேரிலுள்ள செந்நிறப் பொருள் படிகாரத்தோடு இணைந்து, நீரில் கரையாத ஒன்றாக நூலிழைக்குள்ளேயே தங்கிவிடும். கரையாதது எப்படி வெளியேறும்? துவைக்கத் துவைக்கப் பொலிவு கூடுகிறது என்று ஐரோப்பியர் வியந்ததற்குக் காரணம் இதுதான்.

இந்த நுட்பத்தைக் கற்றுக்கொள்ள அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. கூர்து என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், இங்குள்ள சாயத் தொழிலாளர்களிடம் கேட்டறிந்த முறைகளை 1742-ஆம் ஆண்டில் விரிவான கடிதமாகத் தம் நாட்டுக்கு எழுதி அனுப்பினார். அதற்கும் முன்பே, இந்தியத் துணியின் வரவால் தங்கள் நெசவாளர்கள் நலிவதாகக் கூறி, பிரான்ஸ் 1686-லும் இங்கிலாந்து 1700-லும் 1721-லும் அதற்குத் தடைச் சட்டங்கள் இயற்றின.

நம் முன்னோரான மரைக்காயர் வணிகர்கள் இதே கரையிலிருந்து மலாய் நாட்டுக்கும் துணி ஏற்றிச் சென்றார்கள். மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட கைலியைக் 'காயின் பெலேக்காட்' என்றே அழைக்கின்றனர். பெலேக்காட் என்பது நம் பழவேற்காட்டின் பெயரே. கடல் கடந்த ஒருவர் ஊர்ப் பெயரைச் சொல்லித் துணி கேட்கும் அளவுக்கு அந்த நிறத்தின்மீது நம்பிக்கை இருந்திருக்கிறது.

பத்தாயிரம் கஜமும் ஒரு சொல்லும்

இதற்கு நேர்மாறான வரலாறும் நம் சென்னைக்கு உண்டு. 1958-ஆம் ஆண்டு, வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் சென்னைக்கு வந்தார். பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம், பளிச்சிடும் நிறங்களில் கட்டம் போட்ட கைத்தறித் துணியைக் கஜம் ஒரு டாலர் வீதம் பத்தாயிரம் கஜம் வாங்கினார். குளிர்ந்த நீரில் மென்மையாகத்தான் அலச வேண்டும், இல்லையேல் சாயம் இளகும் என்று அவரிடம் எச்சரித்தே துணி விற்கப்பட்டது.

ஜேக்கப்சன் அத்துணியைப் புரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆடை நிறுவனத்துக்கு விற்றபோது அந்த எச்சரிக்கையை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். வாங்கியவர்கள் சலவை இயந்திரத்தில் போட்டார்கள். சட்டையின் சாயம் மற்ற உடைகளிலெல்லாம் ஏறியது. முறையீடுகள் குவிந்தன, நாயரை அமெரிக்காவுக்கு அழைத்து வழக்குத் தொடுக்கப் போவதாக மிரட்டும் அளவுக்கு விவகாரம் முற்றியது.

பிறகு நடந்ததுதான் விந்தை. சாயம் இளகுவதை மறைக்காமல், 'செவென்டீன்' என்னும் இதழ் வாயிலாக அதையே வெளிப்படையாக அறிவித்தார்கள். துவைக்கும்தோறும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுத் தோற்றம் தரும் துணி இது என்றார்கள். 'பிளீடிங் மெட்ராஸ்' என்ற பெயரில் அது அமெரிக்க இளைஞரிடையே பெரும் மோகமாயிற்று. இப்படிப் பரவலாகச் சொல்லப்படுகிறது அந்த வரலாறு.

சகோதரிகளே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். துணி மாறவில்லை, சாயமும் மாறவில்லை. சொல்லாமல் விற்றபோது வழக்கு வரை போன அதே துணி, சொல்லி விற்றபோது விரும்பி வாங்கப்பட்டது. மேலே உலர்ந்தும் அடியில் நனைந்தும் இருந்த தானியக் குவியலுக்குள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்து, நனைந்ததை மக்கள் காணும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சி நம் நினைவுக்கு வருகிறதல்லவா?

ஆனால் குறையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் குறை இருப்பது தெரிய வேண்டும். அதற்குச் சோதனை வேண்டும்.

சாயம் ஏன் போகின்றது?

பருத்தித் துணிக்கு இன்று இடப்படும் சாயங்களில் மூன்று வகைகளை அறிந்திருந்தால் போதும்.

முதல் வகை நேர்ச்சாயம். உப்பிட்ட வெந்நீரில் துணியை முக்கினாலே ஏறிவிடும், விலையும் மலிவு. ஆனால் நூலோடு அதற்குள்ள பிடிப்பு தளர்வானது. எளிதாக ஏறியது எளிதாகவே இறங்கும்.

இரண்டாவது, வினைபுரியும் சாயம். 1956-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இது பருத்தி இழையோடு வேதியியல் முறையில் பிணைந்துகொள்வதால் நன்கு நிலைக்கும். எனினும் ஒரு சிக்கல் உண்டு. சாயத் தொட்டியில் இருக்கும்போதே அதன் ஒரு பகுதி இழையோடு சேராமல் தண்ணீரோடு வினைபுரிந்து பிணையும் ஆற்றலை இழந்துவிடுகிறது. அந்தப் பகுதி துணியில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்குமே தவிர, பற்றிக்கொண்டிருக்காது. கொதிக்கும் சோப்பு நீரில் பன்முறை அலசி அதை வெளியேற்றிய பிறகே துணியைச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். நீரையும் விறகையும் மிச்சப்படுத்த எண்ணி அந்த அலசலைக் குறைத்தால், அந்த வேலை நம் வீட்டு வாளியில் நடைபெறுகிறது. புதுத்துணி இரண்டு மூன்று துவைப்புவரை சாயம் விட்டுப் பின்பு நின்றுவிடுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. சிவப்பு, கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களுக்கு மிகுதியான சாயம் இடப்படுவதால் அவற்றில் இது அதிகம்.

மூன்றாவது, அவுரி நீலத்தைப் போன்ற தொட்டிச் சாயம். இது நீரில் கரையாதது. தற்காலிகமாகக் கரையும் நிலைக்கு மாற்றித் துணியில் ஏற்றியபின், காற்றுப் பட்டதும் இழைக்குள் மீண்டும் கரையாத பொருளாகிவிடும். விலை கூடினாலும் துவைப்பைத் தாங்கும்.

துணியில் தங்காத சாயம் மறைந்துபோவதில்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலில் கலந்து, 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையே உழவர்க்குத் துன்பமானது. இறுதியில் 2011 ஜனவரியில் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று.

ஆய்வுக்கூடத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

கோவையில் 1956 முதல் இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ராவிலும், நடுவண் அரசின் ஜவுளிக் குழுமம் கரூர் முதலிய ஊர்களில் நடத்தும் ஆய்வுக்கூடங்களிலும் சாயத்தின் உறுதியைச் சோதிக்கின்றனர். பன்னாட்டுத் தர அமைப்பு வகுத்த நீர்ச் சோதனை மிக எளிமையானது. பத்து செ.மீ. நீளமும் நான்கு செ.மீ. அகலமும் உள்ள சாயத்துணியோடு, அதே அளவு வெள்ளைத் துணியைச் சேர்த்துத் தைத்து, தூய நீரில் நன்கு நனைத்து, இரு தட்டுகளுக்கிடையே வைத்து ஏறத்தாழ ஐந்து கிலோ பாரம் ஏற்றுகிறார்கள். நம் உடல் வெப்பமான 37 பாகை செல்சியசில் நான்கு மணி நேரம் வைத்திருந்து, பிறகு பிரித்து உலர்த்துகிறார்கள்.

துவைப்புச் சோதனை வேறு. அதன் ஒரு முறையில் 40 பாகைச் சோப்பு நீரில் சிறு எஃகுக் குண்டுகளோடு துணியை 30 நிமிடம் சுழலவிடுகிறார்கள்.

முடிவில் இரண்டு வினாக்களுக்கு விடை காண்கிறார்கள். துணியின் நிறம் எவ்வளவு மங்கியது? வெள்ளைத் துணியில் எவ்வளவு ஏறியது? சாம்பல் நிற அளவு அட்டையோடு ஒப்பிட்டு 5 முதல் 1 வரை மதிப்பெண் இடுவார்கள். 5 என்றால் மாற்றமே இல்லை. 1 என்றால் மிக மோசம். 4-உம் அதற்கு மேலும் நல்ல துணி. இரண்டு விடைகளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தன் நிறம் குன்றாமலேயே பக்கத்துத் துணியைக் கெடுக்கும் துணியும் உண்டு!

நம் வீட்டிலேயே சோதிக்கலாம்

மேற்சொன்ன நீர்ச் சோதனையைச் சமையலறையிலேயே செய்துவிடலாம். சுடிதார்த் துணியின் ஓரத்திலோ கைலியின் தையல் மடிப்பிலோ ஐந்து செ.மீ. சதுரத்தில் ஒரு துண்டு எடுங்கள். அதே அளவு துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியை அதனோடு சேர்த்துத் தையுங்கள். இரண்டையும் நல்ல நீரில் நனைத்து, சொட்டும் நீரைப் பிழிந்துவிட்டு, இரண்டு எவர்சில்வர்த் தட்டுகளுக்கு நடுவே வையுங்கள். மேலே மூன்று கிலோ எடையுள்ள பொருள் ஒன்றை ஏற்றுங்கள். லுஹர் தொழுதுவிட்டு வைத்தால் மஃரிபுக்குள் விடை கிடைத்துவிடும். தையலைப் பிரித்து நிழலில் உலர்த்திப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் அச்சமில்லை. சாயம் பட்டிருந்தால் அந்தத் துணியைத் தனியாகவே துவைக்க வேண்டும். துண்டு வெட்ட மனமில்லாதவர்கள், உள்மடிப்பை நனைத்து, வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்திப் பார்க்கலாம்.

புதுத்துணியைக் கல்லுப்பு நீரில் ஊறவைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். உப்பு இருக்கும்வரை நேர்ச்சாயம் நீரில் இறங்குவது சற்றுக் குறையும். அடுத்த நல்ல தண்ணீர் அலசலில் பழைய கதைதான். வினிகரும் பருத்தியில் சாயத்தை நிலைநிறுத்துவதில்லை. ஒட்டிக்கொண்டிருக்கும் மிகுதிச் சாயத்தை முதல் சில துவைப்புகளில் தனியாக வெளியேற்றிவிடுவதே சரியான வழி. சாயத்துணியை ஈரத்தோடு சுருட்டி வைப்பதும், இரவு முழுவதும் ஊறவிடுவதும் கூடாது. நீரும் அழுத்தமும் நேரமும் சேர்ந்தால் சாயம் இடம் மாறும் என்பதைத்தானே ஆய்வுக்கூடமும் சொல்கிறது?

மூட்டையில் ஒரு சிறு புத்தகம்

அந்தத் துணி விற்கும் பெண்மணி இப்போது கொள்முதலுக்குச் செல்லும்போது நிறத்துக்கு ஒரு துண்டு வாங்கி வந்து, தட்டுகளுக்கிடையே வைத்துப் பார்த்த பிறகே மூட்டை எடுக்கிறார். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றில் ஒவ்வொரு துண்டையும் அதனருகே அதன் வெள்ளைத் துண்டையும் ஒட்டி வைத்திருக்கிறார். யார் கைலி கேட்டாலும் முதலில் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டுகிறார். "இது போகாது. இது மூன்று தண்ணீருக்குப் போகும். தனியாகப் போட்டுத் துவை தாயி. சம்மதம் என்றால் எடு" என்கிறார்.

அப்படிச் சொன்னால் விற்பனை குறையாதா என்று கேட்டோம். முதல் இரண்டு மாதம் குறைந்தது என்று ஒப்புக்கொண்டார். பிறகு, ஜிப்பா கெட்டுப்போன அந்த வீட்டு மருமகளே தம் தங்கையின் நிக்காஹுக்கு அவரிடம் துணி எடுத்தாராம். "அந்தப் புத்தகத்தை எடுங்கள் மாமி, பார்ப்போம்" என்று சொல்லித்தான் எடுத்தாராம்.