தராசுக்கும் வயதாகும்

உங்கள் மீன்கார அம்மாளின் தராசுக்கு வயது என்ன என்று என்றைக்காவது விசாரித்ததுண்டா? கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். மீனின் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று சோதிக்கிறோம். தராசு மட்டும் பளிச்சென்று ஓர் எண்ணைக் காட்டிவிட்டால், அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பணத்தை நீட்டிவிடுகிறோம்!

சென்ற மாதம் கோவளம் போயிருந்தேன். முட்டுக்காட்டைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறதே, அந்தக் கோவளந்தான். கேரளத்துக் கோவளம் அல்ல. கார்மேல் மாதா கோயிலுக்குச் சற்றுத் தள்ளிப் பலகை போட்டு மீன் விற்கும் ஓர் அம்மாள் தம் கதையைச் சொன்னார். அவருடைய எலெக்ட்ரானிக் தராசுக்கு எட்டு வயது. தினம் முப்பது கிலோ விற்பவர். சாயங்காலம் கணக்குப் பார்த்தால் ஏதோ துண்டு விழும். தாம்தான் சில்லறையில் தவறுகிறோம் என்று எண்ணிக் கொண்டிருந்தாராம். ஒரு நாள், வாடிக்கையாக வாங்கும் ஓட்டல் சமையற்காரர், "அக்கா, நீங்க ஒரு கிலோன்னு கொடுக்கிறது எங்க தராசிலே நாற்பது கிராம் கூடவே நிக்குது" என்றார்.

நல்ல மனிதர்! வேறொருவராயிருந்தால் வாயைத் திறந்திருப்பாரா? கிலோவுக்கு நாற்பது கிராம் என்றால், முப்பது கிலோவுக்கு ஒரு கிலோ இருநூறு கிராம். தினமும் அவ்வளவு மீன் இனாம்! "இத்தினி நாளா யார் யாருக்கெல்லாம் தானம் பண்ணினேனோ, தம்பி!" என்று அம்மாள் சிரித்தார். அதில் பாதிதான் சிரிப்பு.

தராசுக் கோளாறு என்றாலே வாங்குகிறவர் ஏமாறுவது என்றுதான் நமக்கு நினைப்பு. வயதான தராசுக்கோ வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதமே கிடையாது.

அதன் வயிற்றுக்குள் 'லோட் செல்' என்ற அலுமினியக் கட்டை ஒன்று இருக்கிறது. பாரம் ஏறியதும் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டியுள்ள மெல்லிய உலோக இழைகளும் கூடவே நீண்டு சுருங்க, அவற்றில் மின்சாரத்துக்கு உள்ள தடை மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் தராசு கிராமாக்கிக் காட்டுகிறது. நிறைகூடை ஒரு முறை தொப்பென்று விழுந்தால், கட்டை பழைய நிலைக்குத் திரும்பாமலே போகலாம். ஈரமும் உப்புக் காற்றும் ஒட்டிய பசையையும் கம்பியையும் அரிக்கும். கோவளத்தில் இவை இரண்டுக்கும் பஞ்சமா?

அம்மாளின் தராசில் இன்னொரு குற்றவாளியும் அகப்பட்டது. தட்டுக்கு அடியில் செதிலும் உப்பும் இறுகி முட்டுக் கொடுத்துக் கொண்டிருந்தன. பாரத்தில் ஒரு பங்கை அது தாங்கிக்கொள்ள, மிச்சத்தையே தராசு நிறுத்தது! சுரண்டிச் சுத்தம் செய்ததும் எடை நேரானது. ஆனால் தட்டு வெறுமையாக இருக்கும்போதே எண் பூஜ்யத்தில் நிற்காமல் மூன்றுக்கும் எட்டுக்கும் அலைந்தது. கட்டையை மாற்றலாம், மாற்றினால் மறுபடி முத்திரை போட வேண்டும் என்றார் பழுது பார்ப்பவர். அம்மாள் யோசித்துப் புதிதே வாங்கிவிட்டார்.

அவசரப்பட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் துப்பாக்கித் தோட்டாவுக்கு வீட்டிலேயே மருந்து நிரப்புவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உண்டு. (வெடிக்கிற மருந்துதான்!) அவர்கள் நிறுப்பது 'கிரெயின்' கணக்கில்; ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு நாலைந்து கிரெயின் போதும். அரை கிரெயின் கூடினாலே பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. அழுத்தம் மிஞ்சினால் துப்பாக்கியே கையில் வெடிக்கும். ஆகவே தராசை முன்கூட்டியே போட்டுச் சூடேறவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, எடை தெரிந்த சிறு கல்லை வைத்துப் பார்த்த பிறகே வேலை தொடங்குவார்கள். பூஜ்யம் அலைய ஆரம்பித்தால் தராசுக்கு உடனே ஓய்வு.

நம் சமையலறைத் தராசுக்கும் அதே பரீட்சைதான். ஒரே பொருளை மூன்று தடவை வையுங்கள். நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். எண் மாறினால் சந்தேகப்படுங்கள். முத்திரையுள்ள ஒரு கிலோ எடைக்கல் இரவல் கிடைத்தால் இன்னும் விசேஷம்.

கடைத் தராசானால் சட்டமே துணை இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒரு முறை முத்திரை அவசியம். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. தராசின் தகட்டில் அதிகபட்ச எடையோடு குறைந்தபட்ச எடையும் பொறித்திருக்கும். ஐந்து கிராம் படியாகக் காட்டும் முப்பது கிலோத் தராசில் நூறு கிராமுக்குக் கீழே நிறுப்பது முறையல்ல. பத்து கிராம் ஏலக்காயை அதில் போட்டு வாங்குகிறவர்கள் கவனிக்கவும்!

லண்டனிலிருந்து பிள்ளை தராசு அனுப்பியிருக்கிறானா? பூமியின் ஈர்ப்பு அங்கே சற்று அதிகம், சென்னையில் சற்றுக் குறைவு. அங்கே சரிபார்த்த தராசு இங்கே ஒரு கிலோவை 997 கிராம் என்றே காட்டும். இங்கே மறுபடி சரி செய்துகொள்ள வேண்டும். இருதட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டு தட்டுக்கும் ஈர்ப்பு ஒன்றுதானே!

கோவளத்து அம்மாளின் புதுத் தராசு எஃகுத் தட்டும், நீர் புகாத உடம்புமாகப் பளபளக்கிறது. பக்கத்திலேயே, ஓலைக் கூடையில், ஒரு கிலோ இரும்புக் கல். காலையில் முதல் மீன் ஏறுமுன் அந்தக் கல் ஏறி இறங்குகிறது. பழைய தராசு வீட்டில் பேரப்பிள்ளைகளின் கடையில் மணல் நிறுத்துக் கொண்டிருக்கிறதாம். நான் அரை கிலோ நெத்திலி வாங்கினேன். எண் ஐந்நூறில் நின்ற பிறகும் அம்மாள் ஒரு பிடி அள்ளிப் போட்டார்.

"இது நானா போடுறது, தம்பி!" என்றார்.