‘வெறும் தூக்க மாத்திரைதானே!’ - மனநல மருந்தை யார், எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

வாலாஜாபாத்தில் பொழுது விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்களுக்காக ஆட்கள் காத்திருப்பார்கள். ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர் என்று திசைக்கொரு பஸ். அதே பஸ்ஸில் இரவு ஷிஃப்ட் முடிந்து இறங்குபவர்கள், கண் எரிச்சலோடு வீட்டுக்கு நடப்பார்கள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று தூக்கமே இடம் மாறிக்கொண்டிருக்கும் வாழ்க்கை.

இந்தக் கூட்டத்தில் 24 வயது இளைஞன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சில மாதங்களாக அவனுக்கு எதிலும் பிடிப்பில்லை. சாப்பாடு இறங்கவில்லை, பகலிலும் தூக்கம் வரவில்லை. வீட்டில் வற்புறுத்தியதால் மருத்துவரைப் பார்க்கிறான். மாத்திரை எழுதித் தருகிறார்கள். முதல் வாரத்தில் குமட்டல், லைனில் நிற்கும்போது அசதி. மனசு மட்டும் அப்படியே இருக்கிறது. பத்தாவது நாள் மாத்திரையை நிறுத்திவிடுகிறான். ‘வெறும் தூக்க மாத்திரைதானே, நிறுத்தினதே நல்லது’ என்று அம்மாவும் நிம்மதி அடைகிறார். அடுத்த மாதம் நிலைமை இன்னும் மோசமாகிறது.

இங்கே தவறு எங்கே நடந்தது? அவன் சாப்பிட்டது தூக்க மாத்திரையே அல்ல. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். பக்கவிளைவு முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். இந்த ஒரு விஷயம் அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் புரியும்படி சொல்லப்பட்டிருந்தால், அந்த மாதம் வேறு மாதிரி போயிருக்கும்.

மருந்து எழுதுவது யார்?

அமெரிக்காவில் மனநலத்தில் உயர்படிப்பு முடித்த செவிலியர்களே நோயாளியைப் பரிசோதித்து, மருந்து எழுதி, அளவை மாற்றுகிறார்கள். ஏறக்குறைய பாதி மாநிலங்களில் அவர்களுக்கு மருத்துவரின் மேற்பார்வைகூடக் கட்டாயமில்லை. இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே மனநல மருந்தை எழுதுவது மருத்துவர்தான். ஆனால் 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநலச் செவிலியரையும் மனநல வல்லுநராக அங்கீகரிக்கிறது. 1996-ல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோருடன் செவிலியருக்கும் இடம் உண்டு.

மருத்துவர் ஒரு நோயாளியோடு சில நிமிடங்கள்தான் பேச முடிகிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, எடை கூடியிருக்கிறதா, கை நடுங்குகிறதா, தற்கொலை எண்ணம் வருகிறதா என்பதெல்லாம் பெரும்பாலும் செவிலியரிடம்தான் வெளியே வரும். மாதம் ஒருமுறை போடும் ஊசியைப் போடுபவரும் அவரே. “சிஸ்டர், இந்த மாத்திரையை ஆயுசு முழுக்கப் போடணுமா?” என்று அம்மாக்கள் தயங்காமல் கேட்பதும் அவரிடம்தான்.

முதலில் கேள்விகள், பிறகு மாத்திரை

மனநோய்க்கு ‘இந்த நோய்க்கு இந்த மாத்திரை’ என்று ஒற்றைக் கணக்கு கிடையாது. முதலில், உடல் நோய் எதுவும் மனநோய் போல வேஷம் போடுகிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் சோர்வும் சலிப்பும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையே பாதிப் புதிரை அவிழ்த்துவிடலாம்.

அடுத்த கேள்வி மிக முக்கியமானது. ‘எப்போதாவது பல நாள் தூக்கமே இல்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கண்டபடி செலவு செய்துகொண்டு இருந்ததுண்டா?’ ஆம் என்றால் அது இருமுனை நோயாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், அது அவரை மறுமுனைக்குத் தள்ளிவிடக்கூடும்.

பிறகு குடும்பக் கதை. அண்ணனுக்கோ அம்மாவுக்கோ இதே நோய்க்கு ஒரு மருந்து நன்றாகக் கேட்டிருந்தால், இவருக்கும் அதை முதலில் யோசிப்பார்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கோ உடல் பருமன் உள்ளவருக்கோ, எடையைக் கூட்டும் ஒலான்சபைன் போன்ற மருந்தைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். குடிப்பழக்கம், சிகரெட், வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரை எல்லாமே கணக்கில் வரும். சிகரெட் புகை சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அந்த நபர் திடீரென்று சிகரெட்டை விட்டால் அதே மருந்து அளவு மீறிப் போகலாம். நல்ல காரியம்தான், ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

எதையும் குறைந்த அளவில் தொடங்கி, மெல்லக் கூட்டுவதுதான் பொது வழக்கம். 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் அதிகரிக்கிறதா என்று வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஹாஸ்டலில் தங்கியிருப்பவர் என்றால், நம்பிக்கையான ஓர் அறைத் தோழருக்காவது விஷயம் தெரிந்திருப்பது நல்லது.

ஷிஃப்ட் வேலையும் மருந்து நேரமும்

‘இரவு சாப்பிட்ட பின் ஒன்று’ என்று சீட்டில் எழுதியிருக்கும். இரவு ஷிஃப்டில் இருப்பவருக்கு அந்த நேரம், இயந்திரத்தின் முன் நிற்கும் நேரம். தூக்கம் வரவழைக்கும் மருந்தைச் சாப்பிட்டுவிட்டு பிரஸ் மெஷினுக்கு முன் நிற்பதும், விடியற்காலையில் பைக் ஓட்டுவதும் ஆபத்து. அதனால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது ஷிஃப்ட் விவரம். தூக்கம் தராத மருந்துக்கு மாற்ற முடியுமா, ஷிஃப்ட் முடிந்து பகலில் படுக்கும் முன் சாப்பிடலாமா என்பதை அவர் முடிவு செய்வார்.

லித்தியம் சாப்பிடுபவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. இருமுனை நோய்க்கு 1949-ல் இருந்து பயன்படும் மருந்து இது. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதில் பெயர் பெற்றது. ஆனால் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. வெல்டிங், பெயின்ட் ஷாப் போன்ற சூடான இடங்களில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். முதுகுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் மாத்திரைகளும் அதை ஏற்றும். கை அதிகமாக நடுங்கினால், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் இருந்தால் காத்திருக்கக் கூடாது. கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தத்தில் லித்தியம் அளவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகம், தைராய்டும் பார்க்க வேண்டும்.

பெண்கள் கேட்க வேண்டிய கேள்வி

இந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பலர் கல்யாண வயதில் இருப்பவர்கள். வேல்ப்ரோயேட் என்ற மருந்து கருவில் இருக்கும் குழந்தையின் முதுகுத்தண்டு, மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களுக்கு முடிந்தவரை வேறு மருந்தையே தேர்வு செய்ய வேண்டும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பயந்துபோய் தானாக நிறுத்தவும் கூடாது. ‘டாக்டர், நான் கர்ப்பமானால் இந்த மாத்திரை சரிப்படுமா?’ என்று கல்யாணத்துக்கு முன்பே கேட்டுவிடுவதுதான் வழி.

எப்போது நிறுத்தலாம்?

மனச்சோர்வு மாத்திரைகள் போதை தருவதில்லை. ஆனாலும் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். முதல்முறை மனச்சோர்வு என்றால், குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்து, பின் படிப்படியாகக் குறைப்பார்கள். பழக்கமாகிவிடும் ஆபத்து உண்மையில் இருப்பது அல்பிரசோலம், குளோனசிபம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகளில்தான். அவை சில வாரங்களுக்கு மட்டுமே. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது பெரிய தவறு. நெடுநாள் சாப்பிட்டவர் அதையும் திடீரென்று விடக்கூடாது, வலிப்புகூட வரலாம்.

வேலை போய்விடுமா?

மருந்தை மறைத்துச் சாப்பிடவும், சாப்பிடாமலே விடவும் காரணம் பெரும்பாலும் இந்தப் பயம்தான். இ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளிக்கு மனநோய்க்கும் உரிமை உண்டு. சாதாரண நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள் வரை, ஊதியத்தில் 70 சதவிகிதம். ஸ்கிசோஃப்ரினியா, இருமுனை நோய் போன்றவை நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவிக்கான பட்டியலில் இருக்கின்றன. தகுதியான பணிக்காலம் இருந்தால் 80 சதவிகித ஊதியத்தோடு இரண்டு ஆண்டு வரை சிகிச்சை எடுக்கலாம். இது தெரியாமலே பலர் வேலையை விட்டுவிடுகிறார்கள்.

2015-16 தேசிய மனநல ஆய்வில், நோய் இருந்தும் சிகிச்சை பெறாதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவிகிதம் வரை இருந்தது தெரிய வந்தது. சிகிச்சை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிப் போனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் மருந்தோடு வீட்டில் இருந்திருக்க முடியும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஒரு காகிதத்தில் நாலு விஷயம் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஷிஃப்ட் நேரம், சாப்பிடும் மற்ற மாத்திரைகள், குடி அல்லது புகைப்பழக்கம், போன மாதம் விட்டுப்போன மாத்திரைகளின் எண்ணிக்கை. கடைசி விஷயத்தை உண்மையாகச் சொல்லுங்கள். மாத்திரை விட்டுப்போனது தெரியாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள்.

இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் மனசு தாங்கவில்லை என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.