விசைப்பலகை பேச மறுத்தால்

காணி விண்ணப்பத்தைக் கணினியில் பாதி எழுதியிருப்போம். திடீரென வயரில்லாத விசைப்பலகையும் மவுசும் நின்றுவிடும். என் கை பட்டுத்தான் பழுதாகிவிட்டதோ என்று அஞ்சுவோம். புதிது வாங்கச் சொல்வார்கள். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு அது பெரிய செலவு. பெரும்பாலும் தேவையற்ற செலவும்கூட.

முதலில் ஒன்று. எழுதியது அழிந்துவிடவில்லை. கணினியை அணைக்காதீர்கள். வயருள்ள மவுஸ் ஒன்றை இரவல் வாங்கிச் செருகி, எழுதியதைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இக்கருவிகள் எப்படி இயங்குகின்றன? இந்த வரம்பில் நின்று ஒருவர் கூப்பிட, அந்த வரம்பில் நிற்பவர் கேட்பது போலத்தான். விசைப்பலகை வானொலி அலையில் கூப்பிடுகிறது. கணினியில் செருகியுள்ள நகத்தளவு ஏற்பி கேட்கிறது. பேச்சு அறுந்தால் நான்கு காரணங்களை ஒழுங்காகப் பார்ப்போம்.

1. கூப்பிடுபவருக்குச் சத்தில்லை. அடியிலுள்ள ஆளி போடப்பட்டுள்ளதா? பற்றரியை மாற்றிப் பாருங்கள்; பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று உலோகத்தை விரைவில் அரிக்கும். பற்றரியைக் கழற்றி, அது தொடும் தகடுகளை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

2. கேட்பவருக்குக் கேட்கவில்லை. ஏற்பியைக் கழற்றி வேறு யூ.எஸ்.பி. துளையில் செருகுங்கள். பயனில்லையெனில், சேமித்தபின் கணினியை அணைத்து மீண்டும் இயக்குங்கள்.

3. இடையில் இரைச்சல். இவற்றுட் பல, செக்கனுக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிரும் அலையில் பேசுகின்றன. வைஃபையும் புளூடூத்தும் அதே வரிசைதான். யூ.எஸ்.பி. 3 துளையில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் அதைக் குழப்பலாம். ஏற்பியை அதிலிருந்து தள்ளி, விசைப்பலகைக்கு அருகில் வையுங்கள்.

4. ஒருவரையொருவர் மறந்துவிட்டனர். புளூடூத் வகைக்குத் தனி ஏற்பி கிடையாது. கணினியின் புளூடூத் பட்டியலிலிருந்து கருவியின் பெயரை நீக்கி, மீண்டும் புதிதாக இணையுங்கள்.

இவ்வளவும் செய்தும் சரிவராவிட்டால், ஏற்பியோடு வேறொரு கணினியில் பொருத்திப் பாருங்கள். அங்கு இயங்கினால் பழுது உங்கள் கணினியில்தான். அங்கும் இயங்காவிட்டால் மட்டுமே புதிது வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

வீடு மாறும்போது ஒன்றை மறவாதீர்கள். அந்தச் சிறு ஏற்பி தொலைந்தால் நல்ல விசைப்பலகையும் பெரும்பாலும் பயனற்றுப் போகும். பல மவுசுகளில் பற்றரி மூடிக்குள் அதற்கென ஓர் இடம் உண்டு. அங்கே வைத்து மூடிவிடுங்கள்.