ஆழ்கடலில் சிறுகோள் விழுந்தால்?

குளத்தில் ஒரு கல்லை எறிந்து பாருங்கள். கல் விழுந்த இடத்தில் நீர் குழிந்து, உடனே மூடிக்கொள்கிறது. நடுவில் ஒரு சிறு நீர்த்தூண் துள்ளி எழுகிறது. வட்ட வட்டமாக அலைகள் கரையை நோக்கி விரிகின்றன. குளத்துக்குப் பதிலாக நான்கு, ஐந்து கிலோமீட்டர் ஆழமுள்ள கடலையும், கல்லுக்குப் பதிலாக ஒரு கிலோமீட்டர் குறுக்களவுள்ள சிறுகோளையும் எண்ணிக்கொள்ளுங்கள். இது வெறும் கற்பனை அன்று. சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன், சிலி நாட்டுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 1,500 கி.மீ. தொலைவில் தென்பெருங்கடலில் இப்படி ஒன்று விழுந்தது. அதன் குறுக்களவு 1 முதல் 4 கி.மீ. வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

"தண்ணீரில்தானே விழுகிறது? மெத்தைபோல் தாங்கிக்கொள்ளாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு பொருள் நீரில் இறங்கும்போது அது தரும் அழுத்தம் ஒலியின் வேகத்தில் நீருக்குள் பரவுகிறது. 'வழிவிடு' என்ற செய்தி முன்னால் போவதுபோல் என்று வைத்துக்கொள்வோம். நீரில் ஒலியின் வேகம் விநாடிக்கு 1.5 கி.மீ. சிறுகோள் வருவதோ விநாடிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில்! செய்தி சேருமுன் கல்லே வந்துவிடுகிறது. விலக நேரமில்லாத நீர் நசுங்குகிறது. கடுமையான அதிர்ச்சி அலை ஒன்று நீருக்குள்ளும், இன்னொன்று கல்லுக்குள்ளும் பாய்கின்றன. வேகம் குறையாவிட்டால் அந்தக் கடலைக் கடந்து அடித்தரையைத் தொட அதற்குக் கால் விநாடியே போதும்.

இயக்க ஆற்றல் ½mv² என்று படித்திருப்பீர்கள். தேர்வுக்காக மட்டும் நினைவில் வைத்திருக்கும் அந்தச் சூத்திரத்தை இங்கே எடுத்துப் பயன்படுத்துங்கள். சிறுகோளின் ஒரே ஒரு கிலோகிராம் பாறைக்கு 20 கோடி ஜூல் ஆற்றல் வருகிறது. ஒரு கிலோ டி.என்.டி. வெடிமருந்து தருவது ஏறத்தாழ 42 லட்சம் ஜூல்தான். மருந்தே இல்லாத கல், தன் எடையைப்போல் 47 மடங்கு வெடிமருந்துக்குச் சமம்! 10 டிகிரி குளிர்ந்த நீர் ஒரு கிலோவை முழுதும் ஆவியாக்கச் சுமார் 26 லட்சம் ஜூல் வேண்டும். ஆகவே ஆற்றல் முழுவதும் அதற்கே செலவானால், ஒரு கிலோ கல் 75 கிலோ நீரை ஆவியாக்கிவிடும். ஒரு கிலோமீட்டர் சிறுகோளின் நிறை சுமார் 157 கோடி டன். மீதிக் கணக்கைப் போட்டால் ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறத்தாழ 50 லட்சம் குண்டுகள் என்று விடை வரும். நீங்களே போட்டுச் சரிபாருங்கள்.

இவ்வளவு ஆற்றலும் கடலில் பல கிலோமீட்டர் அகலமான குழியைத் தோண்டுகிறது. சுற்றிலும் சுவர்போல் நிற்கும் நீர் சரிந்து உள்ளே பாய்கிறது. நடுவே மலை உயரத்துக்கு நீர்த்தூண் எழுந்து மீண்டும் விழுகிறது. நீராவியும் உப்பும் வளிமண்டலத்தின் மேலடுக்குகளுக்குச் செல்கின்றன. உப்பிலுள்ள குளோரின் ஓசோன் படலத்தைக் கெடுக்கக்கூடும்.

அலைகள் என்னாகும்? 2004 டிசம்பர் 26-இல் நம் கரையைத் தாக்கிய சுனாமி, 1,200 கி.மீ.க்கும் மேல் நீண்ட கடலடிப் பிளவிலிருந்து எழுந்தது. அதன் அலைநீளம் மிகப் பெரிது. அப்படிப்பட்ட அலை பெருங்கடலைக் கடந்தும் வலுவிழப்பதில்லை. சிறுகோள் தோண்டும் குழி அத்துடன் ஒப்பிடச் சிறியது. அதன் அலைகள் உயரமானவை, ஆனால் நீளம் குறைந்தவை. அவை வட்டமாகப் பரவும்போது விரைவில் உயரம் குறையும். கரைக்கு வெகு தூரத்திலேயே உடைந்து பெரும்பகுதி ஆற்றலை இழக்கவும் கூடும். அருகிலுள்ள கரைகளுக்குப் பேராபத்துதான். ஆனால் திரைப்படங்களில் உலகம் முழுவதையும் விழுங்கும் அலை சற்று மிகை.

சரி, 25 லட்சம் ஆண்டுக்கு முந்தைய செய்தி எப்படித் தெரிந்தது? 1960-களில் 'எல்டானின்' என்ற அமெரிக்கக் கப்பல் (அது ஒரு விண்மீனின் பெயர்) அக்கடலின் அடிச்சேற்றைக் குழாய்களில் எடுத்து வந்தது. அந்தச் சேற்றில் ஓரடுக்கில் மட்டும் இரிடியம் மிக அதிகம் என்று 1981-இல் ஃபிராங்க் கைட் என்பவரும் குழுவினரும் அறிவித்தனர். புவியின் மேலோட்டில் இரிடியம் மிக அரிது; விண்கற்களில் அதிகம். 1995-இல் 'போலார்ஸ்டெர்ன்' என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பல் அங்கே சென்று கடலடியை ஆராய்ந்தது. வண்டல் அடுக்குகள் கலைந்து கிடந்தன. சேற்றில் விண்கல் துணுக்குகள் இருந்தன. உருகாத துண்டுகள்கூட அவற்றில் உண்டு!

மோதல் பள்ளம் மட்டும் கிடைக்கவில்லை. நீங்கள் கேட்ட மெத்தை, கல்லைத் தாங்கவில்லை; ஆனால் கடலடித் தரையை ஓரளவு காப்பாற்றியிருக்கிறது.