நகைப்பவர் யார், நகைக்கப்படுபவர் யார்?

நகைச்சுவைப் படம் பார்த்துச் சிரித்தபடி திரையரங்கை விட்டு வெளிவருவோர், தாம் யாரைக் கண்டு சிரித்தோம் என எண்ணிப் பார்ப்பது அரிது. நகை பிறக்கும் களங்கள் நான்கு எனத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கிறது. பிறரை இகழும் எள்ளலும் அறிவின்மையாகிய பேதைமையும் அவற்றுள் அடங்கும். திரைப்படத்தில் எள்ளும் உரிமை யாருக்கு, பேதைமை யாருடையது என்னும் வினாக்களுக்கு விடை தேடினால் அப்படம் பெண்ணை எங்கே நிறுத்துகிறது என்பது புலப்படும்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று 1949இல் பட்டம் பெற்றவர் கே. பாலசந்தர். நாடகத்தின் வழியே திரைத்துறைக்கு வந்த அவர் 1981இல் இயக்கிய ‘தில்லு முல்லு’, ஆணை மையமாகக் கொண்ட நகைச்சுவைக்குத் தக்க சான்று. இந்தியில் வெளிவந்த ‘கோல்மால்’ (1979) படத்தின் தழுவல் அது. மீசையைக் கொண்டு மனிதரை மதிப்பிடும் முதலாளியாகத் தேங்காய் சீனிவாசன் நடித்தார். அவரிடம் பணிபுரியும் சந்திரன் (ரஜினிகாந்த்), தன் பொய்யை மறைக்க, மீசையற்ற இந்திரன் என்றொரு இரட்டைச் சகோதரன் இருப்பதாகக் கதை கட்டுகிறான். ஒரு பொய் அடுத்த பொய்யை ஈன்று வளர்கிறது. இங்கே பேதைமை முதலாளியுடையது; எள்ளப்படுவது ஆணின் போலிப் பெருமிதம். சிரிப்பதற்காகப் பெண்ணை இழிவுபடுத்த வேண்டிய தேவை இக்கதைக்கு இல்லை. இது எளிய செய்தியன்று.

ஆயினும், முதலாளியின் மகள் சரோஜினி (மாதவி) இந்த ஆட்டத்தில் எங்கே நிற்கிறாள்? அவள் நேசிப்பதோ, இல்லாத இந்திரனை. பொய் புனையப்படும்போது அவள் உடனிருப்பதில்லை; உண்மை அவளை வந்தடைவதும் பிறகுதான். நாயகன் சூழ்ச்சி செய்கிறான். நாயகியோ அச்சூழ்ச்சியின் முடிவில் அவனுக்குக் கிட்டும் பரிசாகிறாள். ஆணை மையமாகக் கொண்ட நகைச்சுவைப் படங்கள் பலவற்றில் இவ்வமைப்பைக் காணலாம். ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’ (2010) படத்தில் நாயகி கற்றவள். தேர்வறைக் கண்காணிப்பாளராகவும் வருகிறாள். எனினும் பார்வையாளர் நினைவில் நிற்கும் இணை நாயகனும் அவன் நண்பன் நல்லதம்பியுமே.

இவற்றினும் கவலைக்குரியது வேறொரு வகைக் காட்சி. மறுத்த பெண்ணை விடாது பின்தொடர்வதும், அவள் சினந்தால் நண்பர் குழாம் கைகொட்டிச் சிரிப்பதும் திரையில் நகைச்சுவையாகின்றன. பெண்களைச் சீண்டுவதைத் தடைசெய்யத் தமிழ்நாட்டில் 1998இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. சட்டம் குற்றம் என்பதைத் திரை குறும்பு என்கிறது. கடலூர்ப் பேருந்து நிலையத்தில் மாலை வேளையில் தனியே காத்து நிற்கும் மாணவிக்கு அக்குறும்பு சிரிப்பைத் தருவதில்லை.

பெண்ணுக்கு நகைச்சுவை வாராது என்பாரும் உளர். என்.எஸ். கிருஷ்ணனுக்கு ஈடாகச் சொல்லாடிய டி.ஏ. மதுரமும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த மனோரமாவும் வாழ்ந்த நாட்டில் அக்கூற்று நில்லாது. குறை நடிப்பவரிடம் இல்லை. அவருக்கென எழுதப்படும் பாத்திரத்தில்தான் உள்ளது.

‘தில்லு முல்லு’ படத்திலேயே அதற்குச் சான்று உண்டு. சந்திரனுக்குத் தாயாக நடிக்க இசையும் மீனாட்சி துரைசாமியாகச் சௌகார் ஜானகி தோன்றுகிறார். பொய்யை அறிந்தவர், அதில் பங்கேற்பவர், முதலாளியை எதிரே நின்று ஏமாற்றுபவர் அவர். சோகப் பாத்திரங்களால் பெரிதும் அறியப்பட்ட நடிகை அவர். அவர் வரும் காட்சிகளில் அரங்கு சிரிப்பது அவரைக் கண்டு அன்று. அவரோடு சேர்ந்து முதலாளியைக் கண்டு.