டெக்ஸாஸில் ஒரு துருத்தி வாத்தியம்

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் பொஹீமியாவிலிருந்தும் கடல் கடந்து டெக்ஸாஸ் பிரதேசத்தில் குடியேறிய ஜனங்கள், நம் ஆர்மோனியத்தைப் போலவே காற்றில் அதிரும் உலோக நாக்குகளால் நாதம் எழுப்புகிற அக்கார்டியன் என்னும் வாத்தியத்தையும், போல்கா முதலிய நர்த்தன மெட்டுக்களையும் உடன் கொண்டுவந்தார்கள். அவற்றைத் தமதாக்கிக்கொண்டவர்கள் அயலில் வாழ்ந்த மெக்ஸிக வம்சத்தினர் என்பதுதான் இதில் ரஸமான விஷயம்.

அவர்களுள் நார்ஸிஸோ மார்த்தினெஸ் என்ற கலைஞர், அக்கார்டியனில் இடது கைக்குரிய மந்தர ஸ்வரங்களைப் பெரும்பாலும் கைவிட்டு, அந்தப் பொறுப்பைப் பன்னிரண்டு தந்திகள் கொண்ட பாஹோ செக்ஸ்தோ வாசித்த சாந்தியாகோ அல்மெய்தாவிடம் ஒப்படைத்து, வலது கையால் மெட்டைத் துரித கதியில் வாசிப்பதிலேயே முனைந்தார். 1936-இல் இவ்விருவரும் இசைத்தட்டில் பதிந்த வாசிப்பு, கொன்ஹூந்தோ என்னும் சம்பிரதாயத்திற்கு அஸ்திவாரமாயிற்று. பாமரர் சங்கீதம் என்று கனவான்கள் அதை இகழ்ந்ததுண்டு. ஆடியவர்கள் அந்த இகழ்ச்சியைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.