தேவகோட்டையினின்று ஓரியூர் வரை

மேற்றிராணியாரின் ஆசனம் அமைந்த கோயிலே மேற்றிராசனக் கோயில் எனப்படும். காண்டர்பரி, ரைம்ஸ் முதலிய மேனாட்டு நகரங்கள் அத்தகைய கோயில்களாற் பெரும்புகழ் எய்தின. அவற்றைக் காண்பதற்கென்றே கடல் கடந்து செல்வோர் பலர். 1987-ஆம் ஆண்டில் அமைந்த சிவகங்கை மேற்றிராசனத்திற்கும் அலங்கார அன்னை ஆலயம் தலைமைக் கோயிலாய்ச் சிவகங்கையில் விளங்குகின்றது. ஆயினும் இம்மறவர் சீமையின் கிறிஸ்தவ வரலாற்றை அறிய விழைவோர் தலைமைக் கோயிலோடு நில்லாது, சிற்றூர்களையும் நாடிச் செல்லுதல் வேண்டும். அவர்கள் தங்குதற்கேற்ற ஊர் தேவகோட்டையாகும்.

தேவகோட்டை ரஸ்தா என்னும் புகைவண்டி நிலையம் ஊரினின்று சில கல் தொலைவில் உள்ளது. பெயரை நம்பி அங்கு இறங்குவோர் மீண்டும் வண்டி தேட நேரும். ஆதலின் காரைக்குடியில் இறங்கிப் பேருந்தில் வருதலே எளிது. ஊருக்குள் நகரத்தார் எடுப்பித்த சிவன் கோயிலும், பர்மாத் தேக்கினால் தூண் நிறுத்தி, முட்டை வெண்கரு கலந்த சுண்ணம் பூசிய பெருவீடுகளும் காணத் தக்கன. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என ஒரு தெருவினின்று மறு தெரு வரை நீளும் அவ்வீடுகள், கடல் கடந்து பொருளீட்டியவரின் உழைப்புக்குச் சான்றுகளாம். அவை குடும்பத்தினர்க்கு உரியன. உரியவரின் இசைவு பெற்றே உட்புகுதல் முறை.

தேவகோட்டையினின்று தென்கிழக்கே செல்லும் சாலை திருவாடானையை அடைகின்றது. திருஞானசம்பந்தர் பாடிய சிவத்தலம் அது. 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டுக் கிளர்ச்சியில் சின்ன அண்ணாமலை அடைபட்டிருந்த சிறையை மக்கள் உடைத்து அவரை மீட்டதும் அவ்வூரிலேயே. அங்கிருந்து கடற்கரைப் பக்கமாய்ச் சென்றால், பாம்பாற்றின் கரையில் ஓரியூர் தோன்றும்.

1647-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரிற் பிறந்த ஜான் டி பிரிட்டோ, சேசு சபைத் துறவியாய்த் தமிழகம் போந்து, காவியுடை தரித்து, அருளானந்தர் என்னும் பெயர் பூண்டார். அரச குலத்தவராகிய தடியத்தேவர் நோய் நீங்கிய பின் ஞானஸ்நானம் பெற விரும்பினார். மனைவியருள் ஒருத்தியை மட்டுமே கொள்ளல் வேண்டும் என்பது வேத விதியாதலின், ஏனையோரை அவர் விலக்கினார். விலக்கப்பட்டவருள் இளையவள் கிழவன் சேதுபதியின் நெருங்கிய உறவினள். அவள் முறையிட, அடிகள் சிறைப்பட்டார்; ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, 1693-ஆம் ஆண்டு பெப்ருவரி 4-ஆம் நாள் ஆண்டுச் சிரச்சேதம் செய்யப்பட்டார். திருச்சபை அவரை 1947-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தியது. அங்குள்ள செம்மணல் அவர்தம் குருதியாற் சிவந்தது என்பது அடியார் நம்பிக்கை.

இவ்வரலாற்றைக் கூறும்போது நாம் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். ஒரு மதத்தினர் மற்றொரு மதத்தினரை வெறுத்ததன் விளைவே இஃது எனச் சுருக்கிச் சொல்வது உண்மைக்கு ஒவ்வாது. குடும்பப் பூசலும் அரசுரிமைப் போட்டியும் அதனுள் கலந்து கிடந்தன. இன்று புதன்கிழமைகளில் ஓரியூருக்கு வருவோரைக் காண்மின்! முடி இறக்குவோரும், மகப்பேறு வேண்டுவோரும், செம்மணலை முடிந்து கொள்வோருமாகிய அவருள் இந்துக்கள் பலர். தம் நாட்டுத் தலைவன் தண்டித்த துறவியைத் தம் காவலராக ஏற்றுக்கொண்டவர் அம்மக்களே.

இதனை மேலும் தெளிய விரும்புவோர் தேவகோட்டை வட்டத்தைச் சேர்ந்த சருகணிக்குச் செல்க. சின்னச் சவேரியார் என மக்கள் அழைத்த ரோசி அடிகள் 1774-ஆம் ஆண்டிலும், லெவே அடிகள் 1973-ஆம் ஆண்டிலும் அங்கு அடக்கமாயினர். அக்கோயிலின் தேர்த் திருவிழாச் செலவுக்கு அவ்வூரையே மானியமாக அளித்தவர் மருது சகோதரர். சைவப் பற்று மிக்கவரும், காளையார்கோயிற் கோபுரத்தை எழுப்பியவருமாகிய அவர்களே 1801-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் ஆங்கிலேயராற் தூக்கிலிடப்பட்டனர். ஆகவே ஓரியூரை முதலிலும் சருகணியைப் பின்னரும் காணுதல் நன்று. முன்னதில் வாளைக் காண்போம். பின்னதில் கொடையைக் காண்போம். இரண்டும் ஒரே சீமையின் செயல்கள். இடைப்பட்ட காலமோ ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு.

மற்றொரு நாள் வாய்ப்பின், மானாமதுரைப் பக்கத்து இடைக்காட்டூருக்கும் செல்லலாம். ரைம்ஸ் நகரத்து மேற்றிராசனக் கோயிலை மாதிரியாகக் கொண்டு, 1894-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குருவாகிய செல் அடிகள் எழுப்பிய திரு இருதய ஆலயம் அங்குள்ளது. கூர்நுனி வளைவுகளும் வண்ணச் சாளரங்களும் உடைய அக்கோயில், கருவேலங் காட்டிடையே நின்று காண்போரை வியப்பிலாழ்த்தும்.

செல்லுதற்கு ஏற்ற காலம் தை, மாசித் திங்கள்கள். கோடையில் நிழல் அரிது; நீர் கொண்டு செல்க. பெப்ருவரித் திருநாளிற் கூட்டம் மிகுதியாதலின் அமைதி வேண்டுவோர் வேறு நாளைத் தெரிந்துகொள்க.

கோபுரத்தின் உயரத்தை அளந்து திரும்புவோன் வேடிக்கை பார்த்தவனே ஆவான். அதன் அடியில் எவர் குருதி சிந்தினர், எவர் நிலம் ஈந்தனர், எவர் விளக்கேற்றி வருகின்றனர் என வினவுபவனே யாத்திரிகன். அவ்வினாவோடு தேவகோட்டைக்கு வருவோர் வெறுங்கையராய்த் திரும்பார்.